ஏழாம் மாதிரி

ஜூன் 4, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்காம் மாதிரிக்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஹமீதா மேடமும் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் துறைக் கூட்டம் என்று என்னை மட்டும் அனுப்பிவிட்டார்.

மேடத்தின் ஆய்வகத்தில் எனக்கு இது ஐந்தாவது வருடம். ரத்தத்தில் கொழுப்பு மிதமிஞ்சி இருக்கும் குடும்பங்களிலிருந்து உளுந்தளவு தோல் எடுத்து, அதன் செல்களைத் தட்டில் வளர்த்து, அவை கொழுப்புத் துகளை எப்படி உள்ளே எடுத்துக்கொள்கின்றன என்று பார்ப்பது என் வேலை. மாதிரிகளுக்கு எண் மட்டும்தான். பெயர் எழுதக் கூடாது என்பது விதி. இந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை.

நான்காம் மாதிரி ஒன்பது வயதுச் சிறுமி. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு யானைக்குப் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பென்சில் பிடித்த விரல்களின் முட்டியில் மஞ்சள் கட்டிகள். முழங்கையில் இன்னும் பெரிது, தோலுக்கடியில் கொண்டைக்கடலையை வைத்துத் தைத்தது போல.

அவளுடைய அம்மா பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். கையெழுத்துப் போடவில்லை.

"எண்ணெயும் நெய்யும் நிறுத்தி மூணு வருசமாச்சும்மா. இன்னமும் கூடுதுங்கிறாங்க. நான் ஆக்கிப் போட்டதுல என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க."

"சாப்பாட்டுல இல்லக்கா. பிறவியிலயே வர்றது" என்றேன்.

"அப்ப என் வயித்துலயா கோளாறு?"

எனக்குப் பதில் தெரியும்.  படிவத்தை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. குதிகால் வலி. புதுச் செருப்பு ஒத்துவரவில்லை.

ஜூன் 5, புதன்

நேற்று எழுதாமல் விட்டது.

என் அண்ணன் தங்கராசுவுக்கும் அதே இடங்களில் கட்டி இருந்தது. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடும்போது விழுந்தவன் எழவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. கட்டியைப் பார்த்த ஊர் டாக்டர், பையனுக்கு முட்டையும் நெய்யும் அதிகம், ரத்தம் தடித்துவிட்டது என்று சொல்லியிருந்தார். அம்மா ஆசையாக ஊட்டி வளர்த்த பிள்ளை. அண்ணனை வாசலில் கிடத்தியிருந்தபோது அப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "தீனி போட்டே கொன்னுட்டியேடி." பக்கத்தில் நின்ற அம்மாவின் சொந்தத் தம்பி சந்தனம் மாமாவும் ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

நாலு வருடம் கழித்து அப்பா வாழைக்காய் மண்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவருக்கு நாற்பத்து நான்கு வயது.

இந்த இரண்டையும் நான் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. ஐந்து வருடமாக இதே வேலையில் இருந்துகொண்டு, பார்த்ததில்லை என்று எழுதுவது சரிதானா என்று யோசிக்கிறேன்.

பார்த்ததில்லை.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். வாளி உடைந்திருந்தது, வார்டனிடம் சொன்னேன்.

அம்மா போன் செய்தாள். மாமா கல்யாணத் தேதி குறித்துவிட்டாராம். ஆவணி இருபத்தைந்து. "இனி படிப்பு கிடிப்புன்னு தள்ளிப் போட முடியாது ஆத்தா. பாண்டிக்கு முப்பத்திரண்டு ஆச்சு. உனக்காகத்தான் காத்துக் கிடக்கான்."

பாண்டி, அதாவது பால்பாண்டி, சந்தனம் மாமாவின் மகன். சின்னமனூரில் மோட்டார்க் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். நான் பிறந்த அன்றே அவனுக்கென்று பேசிவிட்டார்கள் என்பார்கள். யாரும் பேசாவிட்டாலும் அவனைத்தான் கட்டியிருப்பேன். நான் முதுகலை முடித்து வந்து ஆராய்ச்சிக்குச் சேரப்போகிறேன் என்றபோது வீட்டில் எல்லோரும் குதித்தார்கள். அவன் மட்டும், "அஞ்சு வருசம்தான? நான் எங்கயும் ஓடிறமாட்டேன்" என்றான்.

எங்கள் குடும்பத்தில் இது புதிதல்ல. அம்மா கட்டிக்கொண்டதும் அவளுடைய சொந்தத் தாய்மாமனைத்தான்.

அம்மாவிடம் சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

ஜூன் 12, புதன்

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் மாதிரிகள் இன்னும் இரண்டு வேண்டும் என்று மேடம் போன மாதமே சொல்லியிருந்தார். இன்று ஒன்று கிடைத்தது. ஏழாம் மாதிரி. பெண், வயது 28, தேனி மாவட்டம். தன்னார்வலர். உடம்புக்கு எதுவும் இல்லை என்று சொன்னார்.

ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் எடுத்தார்கள். பத்து நிமிட வேலை.

இடது கையைத் தூக்கித் தலை வாரச் சிரமமாக இருக்கிறது. ஹாஸ்டல் கதவில் இடித்துக்கொண்டேன்.

ஜூன் 20, வியாழன்

நான்கும் ஏழும் பிழைத்துக்கொண்டன. தோல் துணுக்கின் ஓரத்திலிருந்து செல்கள் மெல்ல ஊர்ந்து வெளியே வருகின்றன. ஏழு கொஞ்சம் வேகம். ஊட்டத் திரவம் மாற்றினேன். ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் ஓடியது.

ஜூன் 30, ஞாயிறு

நேற்று ஊருக்குப் போனேன். இன்று மாலை திரும்பினேன்.

அம்மா அவித்த காயும் ரசமும் வைத்திருந்தாள். அண்ணன் போனதிலிருந்து அந்த வீட்டில் தாளிப்புச் சத்தம் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் ஓட்டலில் வாங்கிவரச் சொல்வாள். தன் கையால் யாருக்கும் பரிமாறமாட்டாள். சிறு வயதில் எனக்கு அது வினோதமாகவே தெரிந்ததில்லை. எல்லா வீட்டிலும் அம்மாக்கள் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மாமா வந்தார். வாசற்படி மூன்று ஏறியதும் தூணைப் பிடித்து நின்று நெஞ்சைத் தடவினார். "வாயு" என்றார். அம்மா வெந்நீர் கொடுத்தாள்.

பாண்டி என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தான். பஸ் நிலையத்தில் வெயில் நேராக அவன் முகத்தில் அடித்தது. சிரித்துக்கொண்டே எதையோ சொன்னான். நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவிழியைச் சுற்றி வெளுப்பாக ஒரு வளையம்.

"என்ன அப்படிப் பாக்குற? இப்பத்தான் மொதத் தடவ பாக்குறியா?"

"தூசி இருக்கு மச்சான்."

கண்ணைக் கசக்கிக்கொண்டான். கொழுப்புப் படிந்து அறுபது வயதில் வரவேண்டிய வளையம் அது. வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கலாம்.

ஜூலை 3, புதன்

மருந்துக்கடையில் குதிகாலுக்குத் தைலம் வாங்கினேன்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று நான்காம் மாதிரியைப் பார்த்தோம். மேடமும் உடன் இருந்தார்.

செய்முறை எளிது. கொழுப்புத் துகளில் ஒளிரும் சாயம் ஏற்றி, பனிக்கட்டியின் மேல் வைத்த தட்டில் செல்கள்மீது ஊற்றுகிறோம். குளிரில் செல்கள் துகளைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே எடுக்காது. பிறகு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து பத்து நிமிடம் வைத்தால் வேலை தொடங்கும்.

செல்லின் மேற்சவ்வில் ஏற்பிகள் நிற்கின்றன. மிதந்து வரும் துகளைப் பிடிப்பவை அவைதான். ஆனால் பிடித்தால் மட்டும் போதாது. ஏற்பியின் வால் சவ்வுக்கு உள்பக்கம் தொங்குகிறது. உள்ளே இருக்கும் புரதங்கள் அந்த வாலைப் பற்றி ஏற்பிகளை ஓரிடத்தில் கூட்ட வேண்டும். அங்கே கிளாத்ரின் என்ற மூன்று கால் புரதங்கள் ஒன்றோடொன்று கால் பின்னிக் கூடைபோல உறை கட்டும். உறை கட்டக் கட்டச் சவ்வு உள்நோக்கிக் குழியும். குழி ஆழமாகி, கழுத்து இறுகி, அறுந்து, சின்னப் பையாக உள்ளே போகும். போனதும் உறை உதிர்ந்து அடுத்த குழிக்குப் பயன்படும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

நல்ல செல்லில் புகைபோல இருந்த ஒளி முதலில் புள்ளிகளாகக் கூடும். பிறகு புள்ளிகள் உள்ளே இறங்கி மையத்தைச் சுற்றிச் சேரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

நான்காம் மாதிரியில் எதுவும் கூடவில்லை. பத்து நிமிடம், இருபது, முப்பது. துகள்கள் ஒட்டிய இடத்திலேயே சவ்வு முழுக்கச் சிதறிக் கிடந்தன. குழிகள் இருக்கின்றன, உறை இருக்கிறது, பிடிப்பும் இருக்கிறது. ஏற்பியின் வாலில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. அதனால் உள்ளே இருப்பவை அதைப் பற்ற முடியவில்லை. கொழுப்பு ரத்தத்திலேயே தங்கி, கண்ட இடத்தில் படிகிறது. விரல் முட்டியில், முழங்கையில், இதயத்துக்குப் போகும் குழாயில்.

மேடம் கண்ணை எடுக்காமல், "இப்படி ஒரு மாதிரிக்குத்தான் எத்தனை வருஷமா காத்திருந்தேன்" என்றார். பிறகு சட்டென்று, "அந்தப் புள்ளைக்கு என்ன வயசுன்ன?" என்று கேட்டார்.

"ஒன்பது மேடம்."

அவர் எழுந்து போய்விட்டார். நான் இருட்டறையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஜூலை 18, வியாழன்

ஏழாம் மாதிரி. தனியாகச் செய்தேன்.

பாதி உள்ளே போகிறது. பாதி வெளியிலேயே நிற்கிறது. மூன்று தட்டிலும் அதேதான்.

அந்தப் பெண்ணுக்குத் தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து நல்ல பிரதியும் இன்னொருவரிடமிருந்து பிழையான பிரதியும் வந்திருக்கின்றன. இப்படிப்பட்டவர்கள் பொதுவாக நாற்பது, ஐம்பது வரை ஒன்றும் தெரியாமல் இருப்பார்கள். இதேபோலப் பாதி உள்ள ஒருவரைக் கட்டிக்கொண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, நான்காம் மாதிரி போலப் பிறக்க.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மெஸ்ஸில் பூரி.

ஜூலை 22, திங்கள்

மேடம் கூப்பிட்டார். மேசைமேல் ஏழாம் மாதிரியின் உறை பிரித்துக் கிடந்தது. ஒப்புதல் படிவம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுத்தாள்.

"பெரிய ஆய்வறிக்கைக்குக் கோப்பெல்லாம் சரிபாத்துட்டு இருந்தேன். இது என்னம்மா? தோல் பிரிவுல கேட்டா, நான் அனுமதிச்சதா நீ சொன்னன்னு சொல்றாங்க. யாரோட தோல் இது?"

நான் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"நாகஜோதி, உன்னைத்தான் கேக்குறேன்."

"என்னோடது மேடம்."

அவர் என் இடது கையைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன், அப்பா, அம்மாவும் அப்பாவும் சொந்தம், ஆவணி இருபத்தைந்து, பாண்டியின் கண். ஒரே மூச்சில் சொன்னேன். இந்த நோட்டில்கூட அப்படிச் சொன்னதில்லை.

மேடம் உறையை மூடி வைத்துவிட்டு, "மைக்ராஸ்கோப்புல பாத்தாச்சு. ரத்தம் குடுத்தியா? டாக்டரைப் பாத்தியா?" என்றார்.

"இல்லை மேடம்."

"மூணு தட்டுல முப்பது படம் எடுக்கத் தெரியுது. ஒரு ஊசி குத்திக்கப் பயமா?"

ஏழாம் மாதிரியை அழிக்க வேண்டும். ஒரு படம்கூட ஆய்வேட்டில் வரக் கூடாது. நெறிமுறைக் குழுவுக்கு நானே கடிதம் எழுத வேண்டும். அவர்கள் முடிவு சொல்லும்வரை ஆய்வகத்துக்குள் நுழையக் கூடாது. ஆறு மாதம் ஆகலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு மேடம் எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

"இதுல எனக்கு வேற வழியில்லம்மா. ஆனா அந்தப் பையன்கிட்ட நீ சொல்லாம இருந்தீன்னா, அதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்."

ஜூலை 23, செவ்வாய்

ரத்தம் கொடுத்தேன். கொழுப்பு 340. இருக்க வேண்டியது 200க்குள். டாக்டர் குதிகால் தசைநாணை அழுத்திப் பார்த்து, இது செருப்பால் வந்ததல்ல, கொழுப்புப் படிந்து தடித்திருக்கிறது என்றார். எனக்கும் தெரியும். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும்.

ஜூலை 24, புதன்

ஏழாம் மாதிரியை அழித்தேன். மருந்து ஊற்றியதும் செல்கள் தட்டை விட்டுக் கழன்று மிதந்தன. கழுவித் தட்டுகளைத் துடைத்து வைத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 27, சனி

ஹாஸ்டல் அறை எட்டுக்குப் பத்து. முன்பு தெரிந்ததில்லை.

ஜூலை 30, செவ்வாய்

அம்மா: பத்திரிகை அச்சாகிவிட்டது. என் பெயருக்குப் பின்னால் படிப்பை எல்லாம் போட்டிருக்கிறார்களாம், இரண்டு வரி வந்ததாம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அதே.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பாண்டி செம்புக் கம்பி வாங்க மதுரைக்கு வந்தான். கடைத்தெரு முக்கில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்தோம். கம்பிச் சுருள்கள் காலடியில். கல்யாணத்துக்குக் கொட்டுமேளம் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் வெட்டிச் சொன்னேன்.

முதலில் சிரித்தான். "கொழுப்பா? எனக்கா? உடம்பப் பாரு, எலும்பும் தோலும்."

"இது தின்னு வர்றதில்ல மச்சான். ரத்தத்துல ஓடுற கொழுப்பை ஒவ்வொரு செல்லும் எடுத்துக்கணும். வாசல்ல வந்து நிக்கும். உள்ள இருந்து ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். நம்ம குடும்பத்துல அந்தப் பிடிமானம் பாதிப் பேருக்குப் பாதிதான் இருக்கு. ரெண்டு பாதியும் ஒரு புள்ளைகிட்ட சேந்துட்டா மொத்தமும் போயிரும். தங்கராசு அண்ணனுக்கு அதுதான்."

சிரிப்பு நின்றது. அண்ணனும் அவனும் ஒரே வகுப்பு. அண்ணன் விழுந்தபோது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"எத்தன நாளாத் தெரியும் உனக்கு?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா என்கிட்ட கொட்டுமேளம் பத்திப் பேசிட்டு இருந்திருக்க."

எழுந்து கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். டீயை இருவருமே குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

பாண்டியிடமிருந்து செய்தி. ஒரே ஒரு எண். 352.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று போன் செய்தான். மூன்று நாளாக யோசித்தானாம்.

"புள்ளையே வேணாம் ஜோதி. நம்ம ரெண்டு பேரு போதும். மாத்திரையைப் போட்டுக்கிட்டு இருந்துக்கிருவோம்."

கருவிலேயே பரிசோதிக்கவும் வழி இருக்கிறது என்று சொன்னேன். அந்த நோய் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனுக்கே புரிந்தது.

அவன் தங்கை பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடப்பவன். இன்றைக்கு வேண்டாம் என்று அவன் சொல்வதை நம்புகிறேன். பிள்ளை இல்லாததை நாற்பது வயதில் என் முகத்தைப் பார்த்து நினைக்காமல் இருப்பான் என்று நம்ப முடியவில்லை. எனக்கும் பிள்ளை வேண்டும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"வேணாம் மச்சான்" என்றேன். "நாம பண்ணிக்க வேணாம்."

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள். பாண்டி வீட்டில் குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டானாம். தேனியில் வேறொரு பெண்ணோடு பழக்கம், என்னைக் கட்ட முடியாது என்று. மாமா அவனைச் செருப்பால் அடித்தாராம்.

நான் உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"அப்படி யாரும் கெடையாது. நீ சும்மா இரு. இது எம்மேல போகட்டும். உனக்கு நோயின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

நன்றி என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 21, புதன்

மூன்று நாளாக நன்றாகத் தூங்குகிறேன். பசிக்கிறது. கல்யாணம் நின்றது, என் பெயர் கெடவில்லை, யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று படி ஏறினால் நிற்கிறார். பாண்டியின் தங்கைக்கு இரண்டு வயதுக் குழந்தை. அம்மாவுக்கும் இருந்தே தீரும். இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பாண்டியின் பொய் நிற்கும்வரை தெரியப்போவதும் இல்லை. அவன் எனக்குத் திறந்துவிட்ட கதவு அவர்கள்மீது சாத்தியிருக்கிறது.

மேடம் சொன்னது அந்தப் பையனிடம் சொல் என்று. சொல்லிவிட்டேன். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளத்தான் ஆசை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவையும் அழைத்துப் போனேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. மாமா, அத்தை, பாண்டி மூவரும் இருந்தார்கள். பாண்டி என்னைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"மச்சானுக்கு வேற பொண்ணு யாரும் இல்ல மாமா. என்னாலதான் அப்படிச் சொன்னாரு" என்று தொடங்கினேன். நின்றபடியே சொன்னேன். என் எண், அவன் எண், அண்ணனின் கட்டி, அப்பாவின் நெஞ்சு வலி.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "படிக்கப் போட்டதுக்கு நல்லா வச்சிட்டடி. ரத்தத்துல கோளாறாம்ல, ரத்தத்துல! நாளப்பின்ன எம் பேத்திய எவன் கட்டுவான்?"

மாமா, "வெளிய போ" என்றார். கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மா நகரவில்லை.

"ஜோதி. அப்ப நான் குடுத்த தீனியில இல்லையா?"

"இல்லம்மா."

"தெனம் ரெண்டு முட்டை குடுத்தேன்டி. நெய் ஊத்தித்தான் சோறு பெசைவேன்."

"நீ பட்டினி போட்டிருந்தாலும் அவனுக்கு அதுதான்மா. அவன் உடம்பு எடுத்துக்கிற உடம்பு இல்ல. நான் பாத்தேன்மா, அதே நோயி, வேற ஒரு புள்ளையோடது. கண்ணால பாத்தேன். எதுவும் உள்ள போகல."

அம்மா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மாமாவைப் பார்த்தாள்.

"டேய் சந்தனம். அன்னைக்கு அந்த மனுசன் சொன்னப்ப நீயும் தலையாட்டுனடா. நான் பாத்தேன். இருபது வருசமா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

 மாமாவின் கை நெஞ்சுக்குப் போனது. இந்த முறை வாயு என்று சொல்லவில்லை.

பாண்டி எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ரத்தம் குடுக்கப் போவோம்ப்பா. எல்லாரும்."

செப்டம்பர் 4, புதன்

சின்னமனூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஏழு மணிக்கு ஒன்பது பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தோம். அத்தை என் பக்கம் திரும்பவில்லை. மாமாவும்தான். அம்மா முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினாள்.

முடிவு பகல் பன்னிரண்டுக்கு வந்தது. அம்மா 361. மாமா 338. பாண்டியின் தங்கைக்கும் அவள் குழந்தைக்கும் எதுவும் இல்லை. அத்தை அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரியாதபோதும், இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

டாக்டர் மாமாவுக்கு ஈசிஜி எடுத்தார். எடுத்த தாளோடு வெளியே வந்து, வீட்டுக்குப் போக வேண்டாம், நேராக மதுரைக்குப் போங்கள் என்றார். வேன் பிடித்தோம். மாமா படியில் கால் வைத்துவிட்டு நின்றார்.

"ஜோதியும் வரட்டும். அங்கிட்டு டாக்டருங்க என்ன சொல்றாங்கன்னு நமக்கு என்ன புரியும்."

பத்து நாளில் என்னைப் பற்றி அவர் பேசியது அதுதான். ஏறினேன். எனக்கு எதிரே பாண்டி. உசிலம்பட்டிவரை இருவரும் அவரவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

செப்டம்பர் 6, வெள்ளி

மாமாவுக்கு இரண்டு அடைப்பு. ஒன்று தொண்ணூறு சதவீதம். அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் சுருள் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

வார்டுக்குக் கொண்டுவந்ததும் மாமா அம்மாவைத் தேடினார். "அக்கா, இந்தக் கஞ்சி வேணாம். நீ எதாச்சும் ஆக்கிக் குடு" என்றார். அம்மா உடனே என் பையை எடுத்துக்கொண்டு, மதுரையில் எங்கே போய் எதில் ஆக்குவது என்றுகூட யோசிக்காமல், வாசல்வரை போய்விட்டாள். நான் ஓடிப்போய் அழைத்து வந்தேன்.

நெறிமுறைக் குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஜனவரிவரை ஆய்வகத்துக்குள் போக முடியாது.

செப்டம்பர் 9, திங்கள்

மாமாவை நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பாண்டி மட்டும் மருந்துச் சீட்டு வாங்கத் தங்கியிருந்தான். இன்று காலை பஸ் நிலையம்வரை அவனோடு போனேன். தேனி வண்டி தாமதம். நடைமேடை நிழலில் நின்றோம்.

"மாத்திரை ஒழுங்காப் போடுறியா?" என்றான்.

"போடுறேன். நீங்க?"

"காலையிலதான் போட்டேன். தண்ணி கெடைக்கல, அப்படியே முழுங்கினேன்."

வண்டி வந்து திரும்பி நின்றது. ஆட்கள் இடம்பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போட்டார்கள். அவன் அவசரப்படவில்லை.

"ஜோதி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கமாட்டியே? இனிமே என்னை மச்சான்னு கூப்பிடாத. கேக்கும்போது என்னமோ பண்ணுது."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, அவனை வேறு என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்று நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். அண்ணன் என்று சொல்ல முடியாது, பெயர் சொல்லவும் வாய் வராது. மாமன் மகனுக்கு எங்கள் ஊரில் இருப்பது அந்த ஒரே சொல்தான்.

"வேற முறை இல்லையே மச்சான்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். வண்டியில் ஏறினான். உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.